பத்தாயத்துக்குள் ஒரு மூச்சு

இந்த அறையிலுள்ள மின்விசிறி ஜன்னல் பக்கம் திரும்பும்போதெல்லாம் லேசாக முனகுகிறது. கழுத்தில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் சரியாகிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அஜீஷ் சார். போலீஸ் ஸ்டேஷனில் மின்விசிறி சுற்றுவதே பெரிது. என் காது அப்படிப் பழகிவிட்டது. வாலிப வயது முதல் சினிமாவில் ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறவன் நான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அங்கே என்ன சத்தம் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

மலையாளத்தில் சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறோம் என்றீர்கள். மலையாளத்தில் நான் சண்டை போடுவேன், தம்பானூர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவேன். இந்த விஷயத்தைச் சொல்ல அது போதாது. உங்கள் ரைட்டர் சுப்பு வலியசாலைக்காரர், தமிழ் படிப்பார் என்று நீங்களே சொன்னதால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். என் கையெழுத்து மோசம். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் வலியசாலையில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு நடந்தபோது ஜெபமலர் என்ற பெண் இறந்துபோனாள். உங்கள் கோப்பில் அது விபத்து என்று இருக்கிறது. அன்று என்னையும் விசாரித்தார்கள். நானும் விபத்து என்றுதான் சொன்னேன். இப்போது சொல்ல வந்தது வேறு. ஆனால் அதற்கு முன், பேய்ப்படத்தில் பயத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

பேய்ப்படத்தில் பேய்க்கு அதிக வேலை கிடையாது. கதாநாயகி நிற்கிறாள் என்று வையுங்கள். அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, தோளுக்குப் பின்னால் நிறைய இடத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். அங்கே ஒன்றுமே இருக்காது. பார்க்கிறவன் தானாகவே அங்கே பார்ப்பான். காமிராவை ஒரு கதவை நோக்கி மெதுவாக நகர்த்துவார்கள். ஏன் நகர்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நகர்கிறதே, ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று வயிறு சொல்லும். என் பங்கு சத்தம். சில்வண்டு, தூரத்து நாய், கொல்லைக் குழாயின் சொட்டு, இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். எடுத்தது யாருக்கும் தெரியாது. பிடரி மயிருக்கு மட்டும் தெரியும். முற்றிலும் அமைதியானதும் படபடப்பது தங்கள் நெஞ்சுதான் என்று தெரியாமல் படத்தில் யாரோ முரசடிப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பது பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும். கதையில் இருப்பவளுக்குத் தெரியக் கூடாது. அவள் கதவை நோக்கி நடக்க நடக்க, பார்ப்பவன் மனசுக்குள் கத்துவான், போகாதே என்று. ஆனால் ஒருவனும் எழுந்துபோய் அவளைத் தடுக்க மாட்டான். தடுத்தால் டிக்கெட் காசு வீண்.

இவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். டைரக்டர் ஞானசிகாமணி இதை மூன்று நாள் பயிலரங்காக நடத்துவார். மதியச் சாப்பாடும் சான்றிதழும் உண்டு.

அவரை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கதர் ஜிப்பா, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. பேசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். என்னைப் பார்த்து, "விஜயா, பயம் என்பது ஓர் உணர்ச்சியல்ல. அது ஓர் அவகாசம்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முன் அவர் நகைக்கடை விளம்பரம் எடுத்தபோது ஆசை ஓர் உணர்ச்சியல்ல, அவகாசம் என்றார். அதற்கும் முன்னால் ஒரு சாம்பார் பொடிக்காகப் பசியும் அவகாசமாக இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டித் தலையாட்டி என் கழுத்து தேய்ந்துவிட்டது என்று எலும்பு டாக்டரே சொன்னார்.

அந்த வீட்டின் பின்கட்டில் ஒரு பத்தாயம் இருந்தது. நெல் போட்டு வைக்கிற பெரிய மரப்பெட்டி. கனத்த பலாமரம், நடுவில் பலகைத் தடுப்பு, மேலே மூடி, மூடிக்கு வெளியே இரும்புக் கொண்டி. கதையில் பேய் அதற்குள் இருக்கிறது. பேய் என்றால் பெண்தான். நம் சினிமாவில் ஆம்பிளை செத்தால் நேரே மோட்சம் போலிருக்கிறது. கதாநாயகி விளக்கோடு வீடு முழுக்க நடந்து வந்து, கொண்டியை நீக்கி மூடியைத் தூக்க வேண்டும். வெள்ளைப் புகை வழிய வேண்டும். அதிலிருந்து பேய் எழ வேண்டும். முழுவதும் ஒரே ஷாட். நடுவில் வெட்டு கிடையாது. வெட்டினால் பயத்தின் மூச்சு அறுந்துவிடும் என்றார் ஞானசிகாமணி.

பத்தாயத்துக்குள் இறங்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படி வந்தவள்தான் ஜெபமலர். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரி. தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை. புருஷன் செல்வின் அதே ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். மெலிந்த உடம்பு, நீளமான முடி. பேய்க்கு அது போதும்.

அவள் ரவிக்கைக்குள் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டேன். அதன் வழியாக அவள் பேசுவது ஹெட்ஃபோனில் எனக்குக் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து அவள் சும்மா இருக்கவில்லை. ஒத்திகையில் ஞானசிகாமணி பத்தாயத்தின் மேல் கையை வைத்து, இது மரமல்ல, இதற்குள் ஒரு ஆத்மாவின் ஈரம் இருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதுக்குள் ஒரு குரல்.

"சாரே, கேக்குதா? இந்த மனுசன் என்னவாக்கும் சொல்லியாரு? ஆத்மாவுக்க ஈரமா? உள்ள வந்து பாக்கச் சொல்லுங்க. ஈரமுமில்ல, ஒண்ணுமில்ல. எலிப்புழுக்கையாக்கும் கெடக்கு."

சிரிப்பை அடக்கியதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஞானசிகாமணி அதைப் பார்த்துவிட்டு யூனிட்டிடம், "பாத்தீங்களா, விஜயனுக்கே கண் கலங்குது" என்றார்.

"அவரு அழுவச் சொல்லியாரா சாரே? நான் வேணும்னா உள்ள இருந்து ஒப்பாரி வைக்கட்டா? ஓவர்டைம் தருவினுமா?"

அந்த மாதிரி ஒரு துணை எனக்கு எந்தப் படத்திலும் கிடைத்ததில்லை. இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புகைக்கு முதலில் மிஷின் கொண்டுவந்தார்கள். அது கிழட்டு ஆஸ்துமாக்காரனைப் போல இரைந்தது. ஞானசிகாமணிக்கோ, எல்லாச் சத்தமும் அங்கேயே அப்போதே பதிவாக வேண்டும், பிறகு டப்பிங் கிடையாது என்று விரதம். அதனால் நான்தான் உலர் ஐஸ் போடச் சொன்னேன். பத்தாயத்துக்குள் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து அதில் போட்டால் சத்தமே இல்லாமல் வெள்ளையாகப் பொங்கி வழியும். ஆர்ட் டிபார்ட்மென்ட் பிரபின் போய் வாங்கி வந்தான். வந்தவன் டைரக்டரிடம் பேச முயன்றான். அவர் கண்ணை மூடியிருந்தார். எனவே என்னிடம் வந்தான்.

"அண்ணா, இத அடச்ச எடத்துல வெக்கப்படாதாம். ஐஸ் தந்த ஆளு பிரத்யேகம் சொன்னாரு. கேஸ் நெறஞ்சா ஆளுக்கு மூச்சு கிட்டாதாம். மூடி கொஞ்சம் தொறந்து கெடக்கணும்."

"சரி, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவன் நிம்மதியாகப் போனான். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அன்றைக்கு விசாரித்தபோது அவன் அழுததை நீங்கள் குற்ற உணர்ச்சி என்று எழுதி வைத்திருப்பீர்கள். அவன் பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் முதலில் பார்த்தோம். திறந்திருக்கிற இடைவெளி ஃபிரேமில் தெரிகிறது, மர்மம் கெடுகிறது என்றார் ஞானசிகாமணி. மூடியைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்கள். போடுவதற்கு முன் நான் ஜெபமலரிடம் குனிந்து சொன்னேன். "உள்ளே ஒரு மாதிரியா இருந்தா என் பேரச் சொல்லுங்க. நான் கையத் தூக்கிடறேன். உடனே திறந்துடுவாங்க."

"பேரச் சொல்லவா? சார் எனக்கு மூத்த ஆளாக்கும்."

"பரவாயில்ல."

"விஜயன்" என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, "வேண்டாம். விஜயன் சார்னு சொல்லுதேன். சாவப்போற நேரத்திலயும் ஒரு மரியாதை வேண்டாமா?" என்றாள்.

மூடி விழுந்தது.

ஷாட்டுக்கு முன் ஞானசிகாமணி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். இந்த வீட்டில் கட் சொல்ல உரிமையுள்ளவன் ஒருவன்தான். கூரை இடிந்து விழுந்தாலும் நான் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது என்றார். சினிமாவில் இது ஒன்றும் புதிதல்ல. எல்லா செட்டிலும் உள்ள வழக்கம். டைரக்டர் கட் சொல்லும்வரை லைட்பாய் தும்மலைக்கூட விழுங்கிக்கொள்வான். கோயிலில் நடை சாத்தியிருக்கும்போது நிற்பது போல நிற்பார்கள். நான் கையைத் தூக்குவேன் என்று அவளிடம் சொன்னது அந்த வழக்கத்துக்கு விரோதம்தான். ஆனால் தூக்கியிருக்கலாம். தூக்கினால் திட்டு விழும். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

காலை வேளை. முற்றத்தின் மேல் கறுப்புத் துணி கட்டி ராத்திரி ஆக்கியிருந்தோம். தெருமுனையில் ஆள் நிறுத்தி ஸ்கூட்டர்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். ஷாட் ஓடும்போது ஞானசிகாமணியும் ஒரு ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார். என் மிக்சரிலிருந்துதான் அவருக்குச் சத்தம் போகும். அதற்குத் தனியாக ஒரு குமிழ் உண்டு. அதைக் குறைத்தால் அவருக்குக் கேட்காது. பதிவு பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டிருக்கும்.

ஆக்‌ஷன் என்றார். கதாநாயகி முன்கட்டிலிருந்து நடக்கத் தொடங்கினாள். காமிரா அவள் பின்னால் ஊர்ந்தது. இன்னும் ரேழி, முற்றம், சமையலறை, பின்கட்டு எல்லாம் இருந்தன. பயத்துக்கு அவகாசம் வேண்டுமல்லவா.

"சாரே, இந்தப் புகை கொள்ளாம். குளுகுளுன்னு இருக்கு" என்றாள் ஜெபமலர்.

இதைக் கேட்டு ஞானசிகாமணி முகத்தைச் சுளித்தார். ஷாட் நடுவே பேய் வம்பளந்தால் யாருக்குத்தான் பிடிக்கும். எனவே அவருடைய குமிழைக் குறைத்தேன். பேச்சைப் பிறகு எடுத்துவிடலாம் என்று சைகை காட்டினேன். அதன் பிறகு அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. தலை சுத்துது என்றாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். பதற்றத்தில் என்ன செய்வதென்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படித்தான் எனக்கு நானே இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போது அது எடுபடவில்லை. மேலே உள்ள பத்தியை அடித்துவிடுங்கள், சார். திரும்ப எழுதுகிறேன்.

ஞானசிகாமணி முகத்தைச் சுளிக்கவில்லை. புகை கொள்ளாம் என்று அவள் சொன்னது கேட்டு அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அவரும் மனுஷன்தான். குமிழ் அப்போது முழுசாகத் திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள், "விஜயன் சாரே" என்றாள். மெதுவாக, மரியாதையாக. ஞானசிகாமணி என் பக்கம் திரும்பினார். என்ன அது என்று புருவத்தை உயர்த்தினார். அவர் முழுசாகத் திரும்புவதற்குள் நான் குமிழை இறக்கிவிட்டிருந்தேன். ஒன்றுமில்லை, ஏதோ இரைச்சல், நான் பார்த்துக்கறேன் என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுக் காமிரா பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பதற்றமே இல்லை.

என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். அவள் மயங்கட்டும் என்று நினைத்தேன். மூடியைத் திறக்கும்போது மயங்கிக் கிடப்பாள். யூனிட் முழுக்க ஞானசிகாமணியைப் பார்க்கும். தூக்குங்க, தண்ணி தெளிங்க என்று ஒரே அமளியாகும். அவருடைய கட் சொல்லும் உரிமை, ஆத்மாவின் ஈரம், அவகாசம் எல்லாம் அந்தப் பின்கட்டில் காற்றுப் போன பலூனாகக் கிடக்கும். இவ்வளவுதான் ஆசை. பெரிய மனிதர்கள் காற்றுப் போவதைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு ருசி உண்டு.

அவள் இன்னும் சில முறை கூப்பிட்டாள். சார் என்பது போய்விட்டது. பிறகு பெயரும் போய்விட்டது. நகத்தால் மரத்தைப் பிறாண்டினாள். அது வெளியேயும் கேட்டது. காட்சியில் பேய் பிறாண்டத்தான் வேண்டும் என்பதால் லைட்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள், நல்லா பண்றா என்று. பிறகு மூச்சு மட்டும். அந்த வாயு நெஞ்சுக்குள் போனால் இன்னும் வேகமாக மூச்சு வாங்கச் சொல்லுமாம். அதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

சார், நான் எவ்வளவோ மூச்சுகளைப் பதிவு செய்திருக்கிறேன். ஓடி வந்த மூச்சு, கட்டில் மூச்சு, மரணப் படுக்கை மூச்சு. எல்லாம் டப்பிங் அறையில் சுக்குக் காபி குடித்துக்கொண்டே விட்ட மூச்சு. இது அப்படியில்லை. இதற்கு முன்னும் பின்னும் இல்லாத ஒன்று. பலாமரத்தின் கனம் அதில் இருந்தது. நான் ஹெட்ஃபோனை வலது காதோடு கையால் அழுத்திக்கொண்டேன். அளவு மீறிச் சிதறிவிடாமல் பதிவின் அளவைக் கொஞ்சம் இறக்கினேன். கதாநாயகி அப்போதுதான் சமையலறையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் மெதுவாக நடக்க மாட்டாளா என்று இருந்தது.

உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். நடந்து வருகிறவளுக்குத் தெரியாது. பயப்படுத்துவதையே தொழிலாகச் செய்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னேனே, பார்வையாளன் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை.

கதாநாயகி கொண்டியை நீக்கி மூடியைத் தூக்கினாள். புகை வழிந்தது. எவரும் எழவில்லை. ஞானசிகாமணி கட் சொல்லவில்லை. எழாமல் இருப்பது இன்னும் நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கையைக் காட்டிக் காமிராவை முன்னால் போகச் சொன்னார். பிரபின்தான் முதலில் ஓடினான். "எவன்டா அது ஃபிரேமுக்குள்ள" என்று அவர் கத்தியது பதிவில் இருக்கிறது. அதற்கு முன் மூச்சு நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வின் நின்றுகொண்டிருந்தான். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்ததால் முழங்கை வரை மைதா மாவு. அவன் டைரக்டரிடம் போகவில்லை. என்னைத் தேடி வந்தான்.

"சாரே, அவ வீட்டுல வந்து சொல்லுவா. நான் சொல்லியது எல்லாம் ஒரு சாருக்குக் காதுல கேக்கும்னு. கடைசியா அவ என்னவாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன். "தூங்குன மாதிரிதான்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மாவு என் சட்டையில் ஒட்டியது. அன்று ராத்திரியே பேச்சையெல்லாம் நீக்கிவிட்டேன். பெயர் வந்த இடங்களை எடுத்துவிட்டு, நடுவில் தெரியாதபடி மூச்சை மூச்சோடு ஒட்டினேன். நேர்த்தியான வேலை. நீக்காத மூலப்பதிவும் என்னிடம் இருக்கிறது. இந்தத் தாளோடு தருகிறேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்ல வந்தேன் என்பதற்கு, மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் கௌரவம். ஆனால் நேற்று வரை எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

படம் வெளிவந்து பேசப்படுவதும், இறந்த பெண்ணுக்குச் சமர்ப்பணம் என்று முதலில் ஒரு அட்டை போட்டதும் உங்களுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் ஒரு அரங்கில் ஞானசிகாமணி பேசினார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். விளக்கை அணைத்து, படத்தை விட்டுவிட்டு அந்த மூச்சை மட்டும் போட்டுக் காட்டினார். ஒரு பெண் தோளில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முடிந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இந்த மூச்சுக்காக அந்தச் சகோதரியோடு நான் ஒரு வாரம் உழைத்தேன். இது அவள் மூச்சல்ல. என் இயக்கம்." யாரோ ஒலிப்பதிவைப் பற்றிக் கேட்டார்கள். "அது மிஷின் செய்கிற வேலை. பட்டனை அமுக்க ஒரு ஆள் இருந்தார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

ஒரு வாரம் உழைத்தாராம். அவளை உள்ளே வைத்தது, மிஷினை எடுத்துவிட்டு ஐஸைக் கொண்டுவரச் சொன்னது, பிரபினின் வாயை அடைத்தது, கையைத் தூக்காமல் இருந்தது, கடைசி மூச்சு வரை சிதறாமல் எடுத்தது, யாருக்கும் தெரியாமல் ஒட்டியது, இதில் அவர் எங்கே வருகிறார் என்று நீங்களே சொல்லுங்கள். அவளை உள்ளே வைத்தது மட்டும் அவர். சரி, அதை விட்டுவிடுகிறேன்.

வந்ததும் நான் வாயால் சுருக்கமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, டீ கொடுத்தபோது ஒன்று சொன்னீர்கள், சார். கவனக்குறைவுக்காக ஞானசிகாமணி முதல் குற்றவாளி, தகவலை மறைத்ததற்காக நான் இரண்டாவது என்று. நான் தகவலை மறைக்கவில்லை. அவளைக் கொன்றேன். அதை முழுசாக, யாருடைய உதவியும் இல்லாமல் செய்தேன். எந்தத் தண்டனையானாலும் ஆட்சேபணையில்லை. ஆனால் அவர் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டுக் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.